முதுகுவலி, மூட்டுவலி: ஆபரேஷன் எப்போது? மலையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் பிசியோதெரபி பார்க்க ஆரம்பித்து இருபது வருஷம் ஆகப்போகிறது. நான் ஆபரேஷன் செய்கிற டாக்டர் இல்லை. ஆபரேஷனுக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்களும், போய்விட்டு வந்தவர்களும் என் முன்னால் உட்காருகிறார்கள். அதனால் இரண்டு பக்கக் கதையும் காதில் விழும். கொழுந்து எடுக்கிற அக்காமார், கேரட் அறுவடைக்கு நடுச்சாமத்தில் பிக்கப் ஏறுகிற பையன்கள், மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள், ரிடையராகி இங்கே வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒரே கேள்விகளைத்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதை வைத்து நீங்களே வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள், அது போதும்.

ஸ்கேனில் ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கைத்தான் நாம் ஜவ்வு என்கிறோம். வயது ஏற ஏற அதில் ஈரம் வற்றும், தட்டையாகும், ஓரம் பிதுங்கும். முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015ல் வெளியானது. இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கி இருந்தது. எண்பது வயதில் அது 84 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி கிடையாது. தலையில் நரை விழுவது போலத்தான் முதுகுக்குள்ளும் நடக்கிறது. நரையை நாம் படம் எடுத்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆபரேஷன் என்ற பேச்சு எழ வேண்டுமானால் மூன்று விஷயங்கள் பொருந்தி வர வேண்டும்: நீங்கள் சொல்லும் தொந்தரவு, டாக்டர் உங்களைத் தொட்டுப் பார்த்ததில் தெரிந்தது, ஸ்கேனில் இருப்பது. வலி இடது காலில், பிதுங்கல் வலது பக்கம் என்றால் அந்த ஸ்கேனை உருட்டிப் பரணில் போடலாம்.

சில வருஷம் முன்னால் ஒரு டிரைவர் அண்ணன் வந்தார். கீழே ஒரு மருத்துவமனையில் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அடுத்த வாரமே ஆபரேஷன் என்று தேதி கொடுத்திருந்தார்கள். “உங்களைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார்களா?” என்று கேட்டேன். “ஷூவையே கழட்டச் சொல்லலையே” என்றார். கழட்டிப் பார்த்தேன். பெருவிரலை என் கைக்கு எதிராகத் தள்ளினார், முழு பலம் இருந்தது. குதிகாலில் நடந்தார், நுனிக்காலில் நடந்தார். உணர்ச்சியும் சரியாகவே இருந்தது. வேறொரு எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன்; அவரும் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். இரண்டரை மாதத்தில் திரும்ப வண்டி எடுத்துவிட்டார். எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று சொல்லவில்லை. ஷூவைக் கழட்டாமல் முடிவு செய்யக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

அப்படியானால் எப்போதுதான் அவசரம்?

இந்தக் கேள்விக்கான பதிலை மட்டும் வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

முதுகுவலியோடு சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, போவது தெரியாமல் போனாலோ, மலம் கட்டுப்படாவிட்டாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் ஒரே சமயத்தில் பலமிழந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகெலும்பின் அடியில் குதிரைவால் போல இறங்கும் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்குகிறது என்று அர்த்தம். மணிக்கணக்குதான் இதில் கணக்கு. பொதுவாக 48 மணி நேரத்துக்குள் நசுக்கலை எடுத்துவிட வேண்டும் என்பார்கள், அதற்கு முன்னால் எடுத்தால் இன்னும் நல்லது. ராத்திரி ஒன்பது மணிக்கு இப்படி ஆனால் விடியட்டும், முதல் பஸ்ஸில் போகலாம் என்று இருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிடுங்கள். பனிமூட்டம் இருந்தாலும் வண்டி மெதுவாகவாவது இறங்கும்.

அடுத்தது பாதம் தொங்குவது. இது வலிக்காது, அதனாலேயே கோட்டை விடுகிறோம். நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்றுகொண்டே இருக்கும். கம்பூட்டின் முனை மட்டும் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். வலி குறைந்துவிட்டது, ஆனால் பாதத்தைத் தூக்க முடியவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம். அது நரம்பு சோர்ந்துபோகிற அறிகுறி. ஓரிரு நாளில் டாக்டரைப் பாருங்கள்.

கழுத்தில் நசுங்கினால் கையில் தெரியும். ஸ்வெட்டர் பட்டன் போட வரவில்லை, கையெழுத்து மாறிவிட்டது, கொழுந்தைக் கிள்ளுகிற விரல் சொன்னபடி கேட்கவில்லை, நடை தள்ளாடுகிறது. கழுத்துவலி கொஞ்சமாகக்கூட இருக்கலாம். இப்படி இருப்பவர்களுக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போடாமல் இருப்பதே பொதுவாக நல்லது, ஏனென்றால் போன பலம் முழுதாகத் திரும்பாது. கழுத்தை நெட்டி முறிக்கிற வேலையை யாரிடமும் செய்துகொள்ளாதீர்கள்.

காய்ச்சல், எடை குறைவு, ராத்திரியில் படுத்தாலும் விடாத முதுகுவலி என்று மூன்றும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். டிபி நுரையீரலில் மட்டும் வருவதில்லை. பெரும்பாலும் மாத்திரையிலேயே குணமாகிவிடும். முழுக் காலத்துக்கும் விடாமல் சாப்பிட வேண்டும். முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக முதுகுவலி என்றாலும் காத்திருக்கக் கூடாது.

திடீரென்று ஒரு மூட்டு வீங்கி, கொதித்து, காய்ச்சலும் வந்தால் அது மூட்டுக்குள் சீழாக இருக்கலாம். அதே நாளில் போங்கள். வயதானவர் பாசி படிந்த படியில் வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியவில்லை, ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால் இடுப்புப் பக்கம் எலும்பு முறிந்திருக்கிறது. ‘இந்த வயதில் ஆபரேஷனா’ என்று வீட்டில் வைத்துக்கொள்வதுதான் ஆபத்து. படுக்கையிலேயே கிடந்தால் சளி கட்டும், புண் வரும், ரத்தம் உறையும். உடம்பு இடம் கொடுத்தால் ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் செய்து எழுப்பி உட்காரவைக்கத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள்.

ஏறும்போது ஒன்றும் இல்லை, இறங்கும்போதுதான் வலிக்கிறது. ஏன்?

எனக்குப் பிடித்த கேள்வி. சமவெளியில் இருக்கும் பிசியோ இதைக் கேட்டு அவ்வளவு தெரிந்துகொள்ள முடியாது. இங்கே வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கே ஒரு ஏற்றமும் இறக்கமும் உண்டு, பாதி நோயை ரோடே சொல்லிவிடும்.

இறங்கும்போது முழங்கால் முன்பக்கம், சில்லுக்குப் பின்னால் வலித்தால் அது பெரும்பாலும் முட்டிப் பிரச்சினை. படி இறங்குகையில் உடம்பின் எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் முட்டியில் இறங்குகிறது, அதைத் தாங்கி பிரேக் பிடிப்பது தொடையின் முன்தசை. தசை மெலிந்திருந்தால் முட்டி வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

இறங்கும்போதும், நேராக நிமிர்ந்து நிற்கும்போதும் தொடை, கெண்டைக்கால் இரண்டும் கனத்து மரத்துப்போய், உட்கார்ந்தாலோ குனிந்தாலோ இரண்டு நிமிஷத்தில் சரியாகிறது என்றால் அது முதுகில் நரம்புப் பாதை குறுகியதாக இருக்கலாம். முன்னால் குனிந்தால் பாதை கொஞ்சம் விரியும், நிமிர்ந்தால் சுருங்கும். ஏற்றத்தில் நாம் இயல்பாகவே குனிந்து ஏறுகிறோம், அதனால் ஏற்றம் சுகம். இறக்கத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்து வருகிறோம், அதனால் இறக்கம் கஷ்டம். தோட்டத்தில் குனிந்து நாள் முழுக்கக் களை எடுப்பார், மார்க்கெட்டில் பத்து நிமிஷம் நிற்க முடியாது. வீட்டில் நடிக்கிறார் என்று நினைப்பார்கள். பாவம், நடிப்பெல்லாம் இல்லை.

நேர்மாறாக, ஏறும்போது கெண்டைக்கால் பிடித்து இழுத்து, குனியாமல் சும்மா நின்றாலே விட்டுப்போகிறது என்றால் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். புகை பிடிப்பவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இதற்கு முதுகு டாக்டரிடம் ஸ்கேன் எடுத்துக்கொண்டு அலைவது வீண். பாதத்தில் நாடி பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகவே டாக்டரிடம் ‘கால் வலிக்குது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை நிற்காமல் நடக்க முடிகிறது, போன வருஷம் எவ்வளவு முடிந்தது, எதைச் செய்தால் விடுகிறது என்று சொல்லுங்கள். “முன்னாடி பெட்போர்டிலிருந்து மார்க்கெட் வரை இறங்குவேன், இப்ப பாதியில ரெண்டு தடவை உட்கார்றேன்” என்று ஓர் அம்மா சொன்னார். அந்த ஒரு வரி எனக்கு நாலு பக்க ரிப்போர்ட்டுக்குச் சமம்.

முதுகிலிருந்து காலுக்கு இழுக்கிறது. எவ்வளவு நாள் பொறுக்கலாம்?

மேலே சொன்ன அவசர அறிகுறிகள் இல்லையென்றால் ஆறு முதல் பன்னிரண்டு வாரம். வெளியே பிதுங்கி வந்த டிஸ்க் துண்டை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவது சகஜம். துண்டு பெரிதாக இருந்தால் கரையாது என்று நினைக்க வேண்டாம், பெரியவையும் நன்றாகச் சுருங்கும்.

நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2007ல் வெளியானது. ஆறு வாரத்துக்கு மேல் கால் இழுப்பு இருந்த 283 பேரில் பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மீதிப் பேருக்குப் பொறுத்துப் பார்க்கும் வைத்தியம். ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கமும் சுமார் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஆபரேஷன் செய்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள், அதுதான் வித்தியாசம். பொறுத்திருந்த பக்கத்திலும் 39 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்குத்தான் போனார்கள். ஆக, இது சரி தப்பு கணக்கு இல்லை. சம்பளம் இல்லாமல் எத்தனை வாரம் தாங்கும், ராத்திரி தூக்கம் எத்தனை நாள் கெட்டது என்பதையும் சேர்த்து முடிவெடுக்க வேண்டும். நரம்பு பலம் குறைந்துகொண்டே போனால் மட்டும் பொறுத்துப் பார்க்கும் பேச்சு கிடையாது.

பொறுக்கிற காலத்தில் படுத்தே கிடக்காதீர்கள். ஓரிரு நாள் படுக்கலாம், அப்புறம் வீட்டுக்குள்ளாவது நடக்க வேண்டும். மூட்டை தூக்குவதையும் குனிந்தபடியே உடம்பைத் திருப்புவதையும் விடுங்கள். கேரட் பிடுங்கி அப்படியே பக்கவாட்டில் வீசுவோமே, அந்த அசைவுதான் டிஸ்க்குக்கு ஆகாதது. காலை நகர்த்தி உடம்பை முழுதாகத் திருப்பிப் போடுங்கள்.

இடுப்பு பெல்ட் போடலாமா?

பஸ் பயணத்துக்கும் கடுமையான வலி இருக்கும் சில நாட்களுக்கும் போடலாம். மாதக்கணக்கில் போட்டால் பெல்ட் தசையின் வேலையைப் பார்த்துக்கொள்ளும், தசை லீவு எடுத்துக்கொள்ளும்.

இந்தக் குளிரால்தான் மூட்டு தேய்கிறதா? கீழே போய்விட்டால் சரியாகிவிடுமா?

குளிர் மூட்டைத் தேய்ப்பதில்லை. வலியை அதிகமாக உணர வைக்கிறது, தசையை இறுக்குகிறது, முக்கியமாக நம்மை வீட்டுக்குள் முடக்கிவிடுகிறது. கோயம்புத்தூரிலும் முட்டி தேய்ந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் எழுந்ததும் நடக்கப் போகாமல், வெயில் ஏறிய பிறகு போங்கள். வெந்நீர்ப் பை நல்லது. சர்க்கரை இருந்து பாதம் மரத்தவர்கள் பாதத்தில் வைக்க வேண்டாம், சுட்டாலும் தெரியாது. குளிருக்காக அறையை அடைத்துக் கரி அடுப்பு வைத்துப் படுப்பது உயிருக்கே ஆபத்து. மூட்டுவலிக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

காலையில் விரல் மூட்டுகள் அரை மணி, ஒரு மணி நேரம் விறைத்து, இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கினால் அது தேய்மானம் இல்லை, முடக்குவாதம் என்கிற வாத நோய். அதற்கு ஆரம்பத்திலேயே தனி மருந்து உண்டு. குளிர் என்று சொல்லி இரண்டு வருஷம் ஓட்டினால் விரல் கோணிவிடும்.

தைலம் தேய்க்கலாமா?

தேய்க்கலாம். நீலகிரித் தைலம் மூக்கடைப்புக்குத் தெரிந்த அளவு மூட்டுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, தேய்க்கிற கை தரும் சுகம்தான் பாதி. விண்டர்கிரீன் தைலம் கொஞ்சம் வேறு. அதில் இருப்பது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினுக்கு உறவுக்கார மருந்து. தோல் வழியாக உள்ளே போகும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை அள்ளிப் பூசக் கூடாது. தேய்த்த இடத்தில் வெந்நீர்ப் பையும் வைக்காதீர்கள், கொப்புளம் கிளம்பும். என்னைக் கேட்காமல் இரண்டையும் செய்துவிட்டு வந்து முதுகைக் காட்டியவர்கள் உண்டு.

வலி மாத்திரை எத்தனை நாள் சாப்பிடலாம்?

பாராசிட்டமால் அளவோடு என்றால் பயமில்லை. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் மாதிரியானவை வயிற்றைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும், பிரஷரை ஏற்றும். டாக்டர் சொன்ன சில நாளோடு நிறுத்துங்கள். வயதானவர்களுக்கு முட்டியில் பூசும் ஜெல் இதைவிடப் பத்திரம்.

கடையில் “முட்டிவலிக்கு ஒரு செட் கொடுங்க” என்று கலர் கலராக வாங்குகிறோமே, அதில் சின்னதாக இருக்கும் மாத்திரை பல சமயம் ஸ்டீராய்டு. சாப்பிட்ட அன்றைக்கு சொர்க்கம். மாதக்கணக்கில் போனால் சர்க்கரை ஏறும், எலும்பு உளுக்கும், இடுப்பு மூட்டின் பந்துக்கு ரத்த ஓட்டமே நின்றுபோகலாம். வலி மாத்திரை கேட்டு ஆபரேஷனை விலைக்கு வாங்குவது இப்படித்தான்.

முழங்கால் தேய்ந்துவிட்டது. மூட்டு மாற்று ஆபரேஷன் எப்போது?

எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு ஒட்டியிருந்தாலும் நீங்கள் ஆற்றங்கரைக் கோயிலுக்கு நடந்து போய் வருகிறீர்கள் என்றால் ஆபரேஷன் வேண்டாம். ராத்திரி வலியில் விழிப்பு வருகிறது, கடைக்குப் போகவே யோசிக்கிறீர்கள், மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சியும் மருந்தும் எடுத்தும் மாறவில்லை, எக்ஸ்ரேயும் ஒத்துப்போகிறது என்றால் பேச ஆரம்பிக்கலாம். எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததா என்று பாருங்கள். படுத்து எடுத்தால் இடைவெளி இருப்பது போலத் தெரியும்.

‘ஒழுங்காகப் பயிற்சி’ என்றால் என்ன? கால் நீட்டி உட்கார்ந்து, துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். துண்டைக் கீழே அமுக்குவது போல முட்டியை அழுத்தி, பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். தொடைமேல் கை வைத்தால் தசை கல்லாக வேண்டும். ஆகவில்லையென்றால் நீங்கள் இடுப்பை அசைத்து ஏமாற்றுகிறீர்கள். ஒரு வேளைக்குப் பதினைந்து தடவை, இரண்டு வேளை. இரண்டு வாரம் போனதும் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, முதலில் ஐந்து, அப்புறம் பத்து. இவ்வளவுதான். விஷயம் மூன்று மாதம் விடாமல் செய்வதில் இருக்கிறது, என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் மூன்றாவது வாரத்தில் காணாமல் போய்விடுவார்கள்.

எடையும் சேரும். ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வோர் எட்டிலும் முட்டிமேல் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது. தடி பிடிப்பதில் வெட்கம் வேண்டாம், ஆனால் வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் பிடியுங்கள். வலது முட்டி வலித்தால் இடது கை. சொன்னால் யாரும் நம்புவதில்லை, பத்தடி நடக்கவிட்டால் நம்புகிறார்கள்.

என் அம்மா விஷயத்தில் தப்பு என்னுடையது. அறுபத்திரண்டு வயதில் அவருக்கு முட்டி வலி முற்றிவிட்டது. நான்தான் பிசியோ ஆயிற்றே, பயிற்சி செய் பயிற்சி செய் என்று ஆறு வருஷம் இழுத்தேன். அதற்குள் கால் வில்லாக வளைந்து, தொடை மெலிந்து, வீட்டு வாசலில் இருக்கும் ஏழு படியை விட்டு அவர் இறங்குவதே நின்றுபோனது. ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. தொடை தேறத்தான் எட்டு மாதம் ஆனது. சீக்கிரம் போயிருந்தால் அதில் பாதிக் காலம் போதும். அவசரப்படாமல் இருப்பது வேறு, தள்ளிப்போடுவது வேறு என்று எனக்கு அந்த ஏழு படிதான் காட்டிக்கொடுத்தது.

போட்ட மூட்டு எத்தனை வருஷம் வரும் என்று உடனே கேட்பீர்கள். 2019ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பு ஆய்வில், முழு முழங்கால் மாற்றில் 82 சதவீதம் 25 வருஷம் கழித்தும் நிலைத்திருந்தது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி இல்லை என்கிறார். சம்மணம் போடுவதும் குத்துக்காலிட்டு உட்காருவதும் அதன் பிறகு கஷ்டம். வீட்டில் இந்தியன் டாய்லெட் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்னாலேயே மாற்றுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். காலில் அட்டைக்கடிப் புண், பித்தவெடிப்பு, சொத்தைப் பல் எதுவும் இருந்தால் முதலில் அதை ஆற்ற வேண்டும், அந்த வழியாகக் கிருமி போய்ப் புது மூட்டில் உட்கார்ந்தால் தொல்லை பெரிது.

துளை போட்டுச் சுத்தம் செய்தால் போதும் என்கிறார்களே? கிரீஸ் ஊசி?

தேய்மானத்துக்காக முட்டியில் துளை போட்டுக் கழுவும் ஆபரேஷனை 2002லேயே அமெரிக்காவில் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள், அவர்களுக்கும் தெரியாது. இரண்டு வருஷம் பார்த்தும் இரு பக்கமும் வலியில் வித்தியாசமே இல்லை. அடிபட்டு முட்டிக்குள் இருக்கும் ஜவ்வு (இது முதுகு டிஸ்க் இல்லை) கிழிந்து முட்டி பூட்டிக்கொண்ட இளைஞருக்கு அதே துளை ஆபரேஷன் நன்றாக வேலை செய்யும். அது வேறு கதை.

கிரீஸ் ஊசி என்பது மூட்டுக்குள் போடும் வழவழப்பான ஜெல். அதனால் சிலருக்குச் சில மாதம் சுகம் கிடைக்கிறது. காசுக்கு ஏற்ற பலன் என்று என்னால் சொல்ல முடியாது. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை அடக்கும், ஆனால் அது போட்டு மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்று செய்தால் கிருமித் தொற்று அபாயம் கூடும். தேதியை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள்.

டிஸ்க் துண்டை மட்டும் எடுக்கும் ஆபரேஷனில் அன்றோ மறுநாளோ நடக்கவைத்துவிடுகிறார்கள். நரம்பு அடிபட்டுக் கால் விழுவது மிக அரிது. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அதே இடத்தில் திரும்பப் பிதுங்கலாம், அதையும் தெரிந்துகொண்டு போங்கள். இந்த ஆபரேஷன் கால் இழுப்பை நன்றாக எடுக்கும், வெறும் முதுகுவலியை அவ்வளவாக எடுக்காது. காலில் ஒன்றுமில்லை, முதுகுவலிக்காக மட்டும் ஸ்க்ரூ போட்டு இணைக்கலாம் என்று சொன்னால் இன்னொரு டாக்டரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பையனுக்கு இருபத்திநாலு வயதுதான், இடுப்பு மூட்டு வலித்து நொண்டுகிறான். தேய்மானமா?

இந்த வயதில் சாதாரணத் தேய்மானம் வராது. தொடை எலும்பின் பந்துக்கு ரத்தம் போகாமல் அது உள்ளுக்குள் நொறுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டீராய்டும் அதிகக் குடியும் முக்கியக் காரணங்கள். நம் மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு: அரிவாள் செல் ரத்தசோகை. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் பதிவானதே 1952ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் சின்ன வயதிலிருந்தே கை கால் மூட்டு வலி வந்து வந்து போனால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். சிவப்பணு பிறை வடிவில் வளைந்து பொடி ரத்தக்குழாயை அடைக்கிறது, அதனால்தான் அந்த வலி. இடுப்பு வலியும் தொடை இடுக்கில்தான் தெரியும், சில பேருக்கு முட்டியில் தெரியும். முட்டியைப் படமெடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடக் கூடாது. பந்து நொறுங்கும் முன் கண்டுபிடித்தால் மூட்டைக் காப்பாற்ற வழி உண்டு, நொறுங்கிவிட்டால் மாற்றுவதுதான். அரிவாள் செல் இருக்கிறது என்பது மயக்க மருந்து டாக்டருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

செலவு?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்து வையுங்கள், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை கிடைக்கும். எந்த ஆபரேஷன் எந்த மருத்துவமனையில் அதில் சேரும் என்பதை அட்மிட் ஆகும் முன்பே காப்பீட்டு மேசையில் கேளுங்கள். முழங்கால் இம்பிளான்ட் (உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு) விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது; பில்லில் இம்பிளான்ட் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருவார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

ஆபரேஷன் கோவையில் என்றால் மலை ஏறி வருவது எப்படி? வேலைக்கு எப்போது?

முடிந்தால் தையல் பிரிக்கும் வரை, சுமார் இரண்டு வாரம், கீழேயே தங்குங்கள். மேட்டுப்பாளையத்தில் சொந்தக்காரர் இல்லாத குடும்பம் இங்கே குறைவு. உடனே வர வேண்டுமென்றால் வாடகைக் கார்தான், பஸ் வேண்டாம். முன் சீட்டைப் பின்னால் தள்ளிச் சாய்த்து உட்காருங்கள். வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை மேட்டுப்பாளையத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் குமட்டிக் குமட்டி வந்தால் முதுகுத் தையல் என்ன ஆகும்! பர்லியாறில் இறங்கி ஐந்து நிமிஷம் நடந்துவிட்டு ஏறுங்கள், காலில் ரத்தம் உறையாமல் இருக்கும். வழியில் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வாருங்கள். வந்த பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனை.

டிஸ்க் ஆபரேஷன் செய்தவர் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு நாலு முதல் ஆறு வாரத்தில் போகலாம். கொழுந்து எடுக்கவும் மூட்டை தூக்கவும் மூன்று மாதமாவது ஆகும். முட்டி மாற்றியவர் சரிவில் நின்று பறிக்கும் வேலைக்குத் திரும்புவது கஷ்டம், டாக்டரிடம் எழுதி வாங்கி எஸ்டேட்டில் நாற்றுப்பண்ணை வேலை கேளுங்கள். அங்கேயும் தரையில் உட்கார்ந்து பை நிரப்பச் சொல்வார்கள். வீட்டிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போங்கள், பையை இன்னொரு பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டால் குனியவும் வேண்டாம்.